கண்டுபிடித்தவளுக்குக் கை கொடுத்தவர்கள்

பறவை பார்க்கப் போகிறவர்களைப் பற்றி இனி யாராவது என்னிடம் நல்லவிதமாகச் சொன்னால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். மென்மையானவர்கள், இயற்கையை நேசிப்பவர்கள், சத்தம் போடாதவர்கள் என்று நானும்தான் நினைத்திருந்தேன். சத்தம் போடாதவர்கள் என்பது மட்டும் உண்மை. செய்ததையெல்லாம் அவர்கள் கிசுகிசுத்துக்கொண்டேதான் செய்தார்கள்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. போன வருடத் தொடக்கத்தில், குளிர்காலக் காலை ஒன்றில், பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள் உள்ளே போகவில்லை. யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. கால் எடுத்து வைக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போக, புத்தகப் பையின் பட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அதற்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. டொக்டர் பார்த்தார், கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்தார், பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் வரிசையில் பெயரும் போட்டார்கள். வீட்டில் அவள் பேச்சு குறைந்து குறைந்து, 'ஓம்', 'இல்லை', 'பசிக்கேல்லை' என்பதில் வந்து நின்றது.

ஒரு நாள் பின்னேரம் அவள் படியில் நின்று கீழே பார்த்து, "அப்பா, பக்கத்து வீட்டுக் கூரையிலை இருக்கிறது வழக்கமா வாற புறா இல்லை, தெரியுமோ?" என்றாள்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் பேசிய முழு வசனம் அது. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையோடு நான் மேலே ஓடினேன். எங்கள் வீடு கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கில், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. அவளுடைய ஜன்னலில் இருந்து பார்த்தால் பத்துப் பதினைந்து வீட்டுப் பின்வளவுகள் தெரியும். அங்கே வந்து போகும் அத்தனை பறவைகளையும் அவள் தன் பாட்டில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லாத புறா எது என்று அன்று எனக்குக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கதைப்பது பறவைகளைப் பற்றி மட்டுமே. அவள் கண்டதைச் சொல்லுவாள், நான் கேட்பேன். அதைத் தவிர எங்களுக்குள் வேறு வழி திறந்திருக்கவில்லை.

செப்டெம்பர் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை நடையைப் பற்றி அவளே போனில் பார்த்துச் சொன்னாள். ஸ்டேஷனைத் தாண்டி வடக்கே போனால் வரும் பெரிய திறந்தவெளியில், தெற்கே புலம்பெயர்ந்து போகும் பறவைகளைப் பார்க்கக் காலையில் கூட்டமாக நடக்கிறார்கள். "நீங்களும் வாங்கோ. ஆனா ஆரோடையும் கதைக்கக் கூடாது."

"உவருக்கு மைனாவுக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. இவர் போய் என்னத்தைப் பாக்கப் போறார்?" என்றாள் மனைவி. ஆனால் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை இரவே மட்டன் ரோல்ஸுக்கு மா குழைத்து வைத்தாள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்குச் சனிக்கிழமையும் ஷிப்ட். இருந்தாலும் விடிய எழும்பிப் பொரித்து, டப்பாவில் அடுக்கித் தந்தாள். நாலு பேர் கூடுகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவதாவது!

முதல் நாளே எனக்கு அந்தக் கூட்டத்தைப் பிடிக்கவில்லை என்று இப்போது சொல்லலாம். அன்று அப்படி நினைக்க என்னை நான் விடவில்லை. பதினைந்து பேர் இருப்பார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். எல்லோர் உடம்பிலும் ஈரப் பாசி நிறத்தில் உடுப்பு, அதில் பழைய நாயின் வாடை. நாய்ப் பீயைக் கட்டிய கறுப்புப் பொலித்தீன் பைகள் பற்றைகளில் பழம்போலத் தொங்கும். அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மூக்கைக்கூடச் சுளிக்காமல் சாப்பிடுவார்கள். அடுத்தவரின் தொலைநோக்கி என்ன விலை என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். ஒரு பறவையைக் கண்டால் கண்டேன் என்று சொல்வதில்லை, எனக்குக் கிடைத்துவிட்டது என்பார்கள். காணாவிட்டால், எனக்கு அது தேவை என்பார்கள். கடைக்குப் போய் வந்தவர்களின் பேச்சு மாதிரி இருக்கும்.

ஆனால் அவர்களை நடத்திச் சென்ற பெரியவர் என் மகளிடம் அன்பாக இருந்தார். தாடி வைத்த, உயரமான வெள்ளைக்காரர். அவளைக் கேள்வி கேட்டு நெருக்கவில்லை. அவள் நிற்கும் பக்கம் வந்து, பார்வையை வானத்தில் வைத்துக்கொண்டே ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்காகவே நான் மற்ற எல்லாவற்றையும் விழுங்கினேன். ரோல்ஸ் டப்பாவைத் திறந்ததும் விரலை நக்கிக்கொண்டு இரண்டாவது தரம் வந்தவர்களையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது சனிக்கிழமை, கூட்டம் முன்னால் போக, நாங்கள் இருவரும் பின்னால் வந்துகொண்டிருந்தோம். அந்தப் புல்வெளியில் ஒரு பக்கம் முழுக்க எறும்புகள் கட்டிய மண்மேடுகள். புல் மூடி, முழங்கால் உயரத்தில் குட்டிக் குட்டித் தலையணைகள்போல இருக்கும். ஒவ்வொன்றும் பல பத்து ஆண்டுகள் பழையது என்று மகள் சொல்லியிருந்தாள். அவள் சட்டென்று என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அப்பா, அசையாதேங்கோ."

ஒரு மேட்டின் மேல் பட்டை உரிந்த ஒரு மரத்துண்டு கிடந்தது. அது தலையைத் திருப்பியது. பாம்பு திருப்புவதுபோல மெல்ல, பின்பக்கம் வரைக்கும். குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பறவை, மரப்பட்டையின் நிறம். மரங்கொத்தி இனம்தான், ஆனால் மரத்தைக் கொத்தாது, நிலத்தில் இறங்கி எறும்பு தின்னும். ரைநெக் என்று இங்கே சொல்கிறார்கள். தமிழில் என்ன என்று எனக்குத் தெரியாது.

"ஆபிரிக்காவுக்குப் போகுது. களைச்சுப் போய் இறங்கியிருக்கு," என்று காதுக்குள் சொன்னாள். "வடிவாச் சாப்பிட்டு உடம்பு தேறினால்தான் மிச்சத் தூரம் பறக்க ஏலும். பேசாமல் விட்டால் இரண்டு மூண்டு நாளிலை போயிடும்."

அந்த நடைக்கு ஒரு விதி உண்டு. யார் எதைக் கண்டாலும் கூச்சலிடாமல் நடத்துபவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தானே போனாள். இருபது யார் தூரம் இருக்கும். வெளியாள் ஒருவரிடம் அவளாகப் போய் வாய் திறந்து பேசுவதை நான் ஒன்றரை வருடங்களுக்குப் பிறகு பார்த்தேன். அவர் குனிந்து கேட்டார், தொலைநோக்கியை உயர்த்திப் பார்த்தார், சந்தோஷத்தில் முகம் சிவந்தது, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நன்றாகக் கண்டுபிடித்தாய்" என்றார். கண்டுபிடித்தவருக்குக் கை கொடுப்பது அவர்கள் வழக்கம்.

நான் தள்ளிப் போய் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை கிழவனோடை கதைச்சவள்."

"என்ன கதைச்சவள்?"

"ஒரு குருவியைப் பற்றி."

"குருவியைப் பற்றியெண்டாலும் பரவாயில்லை," என்றாள். பின்னால் யாரோ மருந்துச் சீட்டோடு கூப்பிடுவது கேட்டது.

நான் திரும்பி வந்தபோது பெரியவரின் கட்டைவிரல் போனில் ஓடிக்கொண்டிருந்தது. அபூர்வமான பறவை எதுவென்றாலும் உடனே இடத்தோடு செய்தி போட வேண்டுமாம். அதுவும் வழக்கமாம். லண்டன் முழுக்க அந்தச் செய்தி போனது.

ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது, மூலைக் கார் தரிப்பிடம் நிரம்பியது. முக்காலியும் நீளக் கமராவும் தூக்கிக்கொண்டு ஆட்கள் புல்லைக் குறுக்கே மிதித்து ஓடி வந்தார்கள். ஐம்பது அறுபது வயது ஆட்கள், வயிறு குலுங்க ஓடுகிறார்கள். முதலில் பெரியவர் ஒரு கோட்டைக் காட்டி இதற்கு அப்பால் வர வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சற்று நேரத்தில் ஒருவர் ஓரடி முன்னே வைத்தார். அவர் மறைப்பதாகச் சொல்லி அடுத்தவர் இரண்டடி வைத்தார். கோடு அப்படியே நகர்ந்துகொண்டு போனது. பறவை பற்றைக்குள் புகுந்துவிட்டது. யாரோ போனில் அதன் குரலை ஒலிக்க விட்டார்கள். இன்னொரு பறவை வந்திருக்கிறது என்று நினைத்து அது வெளியே வர வேண்டுமாம். ஒருவர் பற்றையின் பின்பக்கம் போய்க் கை தட்டினார்.

வந்தவர்களில் ஒருவர் தமிழர். நாற்பது வயது இருக்கும், கையில் துப்பாக்கி நீளத்துக்குக் கமரா. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, நீங்க சிலோனா? நான் பினாங்கு. கோலியர்ஸ் வுட்ல இருக்கேன். கடைக்குப் போற வழியில மெசேஜ் பார்த்தேன், வைஃப்கிட்ட சொல்லாமலே ட்ரெயின் ஏறிட்டேன் லா!"

"அப்ப வீட்டை போனால் இருக்கு உமக்கு," என்றேன்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். இது பாப்பா கண்டுபிடிச்சதாமே? அடேயப்பா! பெரிய ஆளு லா நீ."

மகள் சிரித்தாள். அதையும் சொல்ல வேண்டும், சிரித்தாள். அவர் ஒரு ரோல்ஸ் எடுத்துக் கடித்துவிட்டு, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். பிறகு வெளிச்சம் நன்றாக விழும் ஓர் எறும்பு மேட்டுக்குப் போய், சப்பாத்துக் குதியால் அதன் தலையை ஓங்கி உதைத்துப் பிளந்தார். பிளந்த மூடியைக் கையால் பிரட்டிப் போட்டார். உள்ளே அறை அறையாக இருந்தது. மஞ்சள் எறும்புகள் வெள்ளை முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின.

"தம்பி, அதை ஏன் உடைக்கிறீர்?"

"சும்மா இருங்க அண்ணே, ரெண்டு நிமிஷம். முட்டை வெளிய கிடந்தா பறவை தானா வரும். எல்லாருக்கும் நல்ல படம் கிடைக்கும். பாப்பாவுக்கும்தான்."

"அது பழைய புற்று."

"எறும்பு திரும்பக் கட்டிக்கும் லா."

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் பார்த்தார், பார்க்காததுபோல் திரும்பி முழங்காலில் இறங்கித் தன் கமராவைச் சரிசெய்தார். அந்த நிமிடத்திலேயே கத்தியிருப்பேன். ஆனால் பக்கத்தில் நிற்பவள் வாரம் ஒருநாள் வெளியே வருவது இந்த இடத்துக்கு மட்டும்தான். நான் இங்கே சண்டை பிடித்தால் அதுவும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பசி பொறுக்காமல் பறவை வந்தது. உடைந்த புற்றில் இறங்கி இரண்டு தரம் நாக்கை நீட்டியது. உடனே அத்தனை கமராவும் ஒரே நேரத்தில் கடகடவென்று அடித்தன. கூட்டம் பற்றைக்கும் பறவைக்கும் நடுவிலும் வந்துவிட்டது. ஒளிய அதற்கு இனி இடம் இல்லை. அது தின்பதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டி நிலத்தோடு ஒட்டியது.

"தயவுசெய்து பின்னால் போங்கள்," என்று என் மகள் இங்கிலீஷில் சொன்னாள். "அது சாப்பிடவில்லை. பயந்துபோய் இருக்கிறது."

ஒருவரும் திரும்பவில்லை. இன்னொரு தரம், கொஞ்சம் உரத்துச் சொன்னாள். முன்னால் நின்ற ஒரு பெண்மணி திரும்பி வாயில் விரலை வைத்தாள். "உஷ், நீ பறவையைப் பயப்படுத்துகிறாய்."

யாரோ இன்னும் ஓரடி வைத்தார்கள். பறவை கிளம்பியது. பற்றைப் பக்கம் போக முடியாமல், மறைவே இல்லாத வெறும் புல்லுக்கு மேலாகப் பறந்தது. களைத்த பறவை, தாழ்வாக, மெல்லமாக. மரங்களுக்குள்ளிருந்து ஒரு வல்லூறு வந்தது. நான் அது வருவதைக் காணவில்லை. இரண்டும் மோதிய சத்தத்தைக் கேட்டேன், யாரோ ஈரத் துணியை உதறியதுபோல. வல்லூறு அதைப் புல்லில் அமுக்கி, உயிரோடு இருக்கும்போதே பிய்க்கத் தொடங்கியது. பறவையின் தலை அப்போதும் திரும்பிக்கொண்டிருந்தது.

பிறகு கமராக்கள் முன்னைவிட வேகமாக அடித்தன. யாரோ சிரித்தார்கள். யாரோ கடவுளே என்றார்கள், ஆனால் துக்கத்தில் அல்ல. வல்லூறு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் எல்லோரும் குனிந்து தங்கள் கமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். பெரிதாக்கிப் பார்த்து ஒருவருக்கொருவர் காட்டினார்கள். பினாங்குக்காரர் ஓடி வந்தார்.

"பாப்பா, இங்க பாரு! கண்ணு கூட ஷார்ப்பா விழுந்திருக்கு!"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. தன்னிடம் இருந்ததில் நல்லதை அவளுக்குக் காட்ட வந்தார். அந்தச் சின்னத் திரையில் ஒரு திறந்த வயிறு இருந்தது.

மகள் பார்த்தாள். பிறகு அவள் கை பைப் பட்டிக்குப் போனது. எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் நின்றதுபோல நின்றாள், முகத்தில் ஒன்றுமில்லாமல்.

அப்போதுதான் அவர்கள் கை கொடுக்க வந்தார்கள். கண்டுபிடித்தவளுக்கு. ஒருவர் பின் ஒருவராக, சிரித்த முகத்தோடு, சப்பாத்தில் முட்டை ஒட்டிய மண்ணோடு. பறவையும் கிடைத்தது, மேலதிகமாக வேட்டையும் கிடைத்தது என்று வாழ்த்தினார்கள். அவள் கையை நீட்டவில்லை. ஒருவர், வெட்கப்படுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் கையைத் தானே எடுத்துக் குலுக்கினார். அந்தக் கை துணிபோல ஆடியது. அடுத்து பெரியவர். தாடியில் ரோல்ஸ் தூள். "வருத்தப்படாதே, இயற்கை இப்படித்தான்," என்று சொல்லிக் கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"தொடாதேங்கோ அவளை!" என்று தமிழில் கத்தினேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் வாழ்ந்தும் ஒரு வெள்ளைக்காரர் முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. அதற்குப் பிறகு இங்கிலீஷ் வந்தது. இயற்கையா, நீங்கள் அல்லவா அதன் வழியை அடைத்தீர்கள், நீங்கள் அல்லவா அதன் சாப்பாட்டைக் காலால் உடைத்தீர்கள், உங்களைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்றேன். வசனங்கள் சரியாக வந்தனவா தெரியாது. முன்பு 'உஷ்' என்ற அந்தப் பெண்மணி, பிள்ளைக்கு முன்னால் இப்படிக் கத்துவது அவளுக்கு நல்லதில்லை என்று மிகவும் மென்மையாகச் சொன்னாள்.

"அண்ணே, விடுங்க அண்ணே, ஒரு குருவிக்காகவா?" என்றார் பினாங்குக்காரர். என் முழங்கையைப் பிடிக்கப் பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டார்.

அவர்கள் கலைந்து போனார்கள். பறவை இல்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் ஈரப் புல்லில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். கூப்பிடவில்லை, தொடவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் அவளாக நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால் போனேன்.

மனைவி வேலையால் வந்து முழுவதையும் கேட்டாள். "உந்தச் சனத்துக்கே நான் விடிய எழும்பி ரோல்ஸ் பொரிச்சனான்?" என்றாள். பிறகு மேலே போய் மகளின் கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கிழமைக்குள் பெரியவர் எனக்குப் போன் எடுத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். படங்கள் எல்லோருக்கும் மிகவும் பிடித்திருக்கிறதாம். அந்தப் பறவையைப் பற்றிய பதிவில் கண்டுபிடித்தவரின் பெயரைப் போட வேண்டுமாம், மகளின் முழுப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். பெயர் தர மாட்டேன் என்றேன். "அது ஒரு கௌரவம்," என்றார் வருத்தமாக. சிறு கோபங்களை மறந்துவிட்டு அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்றார். அந்தப் பொரித்த பண்டத்தையும் எல்லோரும் கேட்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டுக் குசினிச் சிங்கில் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. மகளின் ஜன்னல் திரை மூடியே இருந்தது. முடிந்தது, திரும்பவும் தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டோம் என்று நான் இரவில் நித்திரையில்லாமல் கிடந்தேன்.

பிறகு ஒரு சாதாரண வேலைநாள், நான் லீவில் நின்றேன். அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கீழே வந்தாள்.

"நான் வெளியிலை போட்டு வாறன்."

"தனியவோ?"

"ஓம்."

என் முகத்தில் எதைக் கண்டாளோ, கதவைத் திறந்தபடி நின்றாள். "வாறதெண்டால் வாங்கோ. கெதியா."

அதே வெளிக்குத்தான் போனாள். நாய்களோடு இரண்டொருவரைத் தவிர யாரும் இல்லை. நான் நாலடி பின்னால் போனேன். ஒரு முள்மரத்துக்கு முன்னால் அவள் நின்றாள். தொலைநோக்கியைத் தூக்கவில்லை. ஆனால் அவள் தோள் இரண்டும் இறங்கின விதத்தில், மூச்சை அடக்கின விதத்தில், எதையோ கண்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பாதையை விட்டு விலகி, பெரிய வட்டமாகச் சுற்றி நடந்தாள். நானும் அந்த மரத்தை நெருங்காமல் சுற்ற வேண்டியிருந்தது.

எதிரே கழுத்தில் தொலைநோக்கி மாட்டிய ஒருவர் வந்தார். பறவை பார்க்கிறவர்கள் சந்தித்தால் வணக்கத்துக்குப் பதிலாகக் கேட்கிற கேள்வியை அவளிடம் கேட்டார். "ஏதாவது இருக்கிறதா?"

அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். வெளியாட்களோடு வாய் திறக்கவே தயங்கும் என் பிள்ளை, தெளிவாக, மரியாதையாக, சிரிப்போடு இங்கிலீஷில் சொன்னாள்: "ஒன்றுமே இல்லை. காகங்கள்தான். அந்தப் பக்கம் பெரிய நாயொன்றும் ஓடித் திரிகிறது. நீங்கள் குளத்துப் பக்கம் போய்ப் பார்க்கலாம்."

அவர் நன்றி சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் திரும்பிப் போனார். அவர் மறையும் வரை நான் பொறுத்திருந்தேன்.

"அங்கை என்ன இருந்தது, என்ரை குஞ்சு?"

"ஒண்டுமில்லை எண்டு சொன்னனே, அப்பா," என்றாள் அதே சிரிப்போடு. முன்னால் நடந்து போனாள்.